ஊருக்கு வேலியாய் நின்ற தில்லை

ஊர்ப்பெயர்கள் பழங்காலத்தின் சாட்சிகள். மன்னர் மறைவர்; கோட்டைகள் இடியும்; ஏரிகள் தூர்ந்து மனைகளாகும். ஆயினும் மக்கள் ஓரிடத்திற்கு இட்ட பெயர் அத்துணை எளிதில் மறைவதில்லை. நாம் வாழும் மர்பி டவுனுக்கு அண்மையிலுள்ள அல்சூரையே எடுத்துக்கொள்வோம். கன்னட மொழியில் 'ஹலசு' என்பது பலாவைக் குறிக்கும். ஏரிக்கரையில் பலாமரங்கள் மிகுந்திருந்தமையால் ஹலசூரு என்னும் பெயர் உண்டாயிற்று என்பர். இன்று அங்கே கோயில் உண்டு, கடைவீதி உண்டு, மெட்ரோ புகைவண்டி நிலையமும் உண்டு. பலாத்தோப்பு மட்டும் இல்லை. மரம் மறைந்தது, பெயர் நின்றது.

தமிழ்நாட்டிலும் இத்தகைய ஊர் ஒன்று உண்டு. அது அல்சூரினும் பல மடங்கு பழமையும் புகழும் வாய்ந்தது. சைவ நன்மக்கள் 'கோயில்' என்று வேறு அடைமொழியின்றிக் கூறினால் அவ்வூரையே குறிக்கும். அதுவே சிதம்பரம். அதன் பழம்பெயர் தில்லை. தில்லை மரங்கள் அடர்ந்த வனமாக இருந்தமையால் தில்லைவனம் என்றும் தில்லை என்றும் வழங்கலாயிற்று. சுந்தரமூர்த்தி நாயனார் அடியார்களைத் தொகுத்துப் பாடிய திருத்தொண்டத்தொகையில் முதற்கண் போற்றப்படுவோர் தில்லைவாழ் அந்தணரே. வைணவர்க்கும் அது தில்லைத் திருச்சித்திரகூடம் என்னும் திருப்பதி. நம் குடும்பங்களிலும் தில்லைநாதன், தில்லையம்பலம், தில்லைநாயகி, தில்லைக்கரசி என்னும் பெயர்கள் எத்தனை! இருநூறு கல் கடந்து இந்நகருக்குப் பிழைக்க வந்த காலத்தும் அப்பெயர்களைக் கைவிடாது கொண்டுவந்தோம். ஆனால் அம்மரத்தைக் கண்டவர் நம்முள் எத்தனை பேர்?

இக்கேள்வியை என்னிடம் முதலிற் கேட்டவள் என் மகள். நடராசப் பெருமானைத் தரிசிக்கக் குடும்பத்துடன் சென்றிருந்தோம். நான்கு கோபுரங்களையும் சிவகங்கைத் தீர்த்தத்தையும் காட்டி, "இதுதான் தில்லை, தில்லை மரம் நிறைந்திருந்ததால் அந்தப் பெயர்" என்று பெருமையோடு கூறினேன். அவள் சுற்றும் முற்றும் பார்த்து, "அந்த மரம் எங்கே அப்பா?" என்றாள். எனக்கு விடை தெரியவில்லை. பூக்கடையில் இருந்த முதியவரை வினவினேன். "அது இங்கே ஏதுங்க? பிச்சாவரத்துக்குப் போனால் பார்க்கலாம்" என்றார் அவர். மறுநாள் அங்கே சென்றோம். அன்று கண்டதும், பின்னர் படித்தறிந்ததும் சேர்ந்ததே இக்கட்டுரை.

பழந்தமிழர் கண்ட தில்லை

தில்லை மரத்தின் வரலாறு சிதம்பரத்தின் புராணத்தோடு தொடங்குவதன்று. அதனினும் முற்பட்ட சங்க நூல்களிலேயே அம்மரம் இடம்பெற்றுள்ளது. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் மகளிர் கொய்து குவித்த தொண்ணூற்றொன்பது மலர்களின் வரிசையில் தில்லையும் ஒன்று. ஆயினும் அதன் இயல்பான இடம் நெய்தல் நிலமே என்பதைப் பிற நூல்கள் தெளிவாகக் காட்டுகின்றன. நற்றிணையில் வரும் ஒரு பாட்டிலே, கரிய கழியில் கொழுத்த மீனைத் தின்ற நீர்நாயின் குட்டி தில்லைச் சோலையிற் சென்று படுத்துறங்குகிறது. ஐங்குறுநூற்றின் நெய்தற் பகுதியில் அம்மூவனார் ஒரு கடற்கரைச் சிற்றூரைக் குறிப்பிடுகிறார். அவ்வூருக்குத் தில்லை மரங்களே வேலி என்கிறார். 'வேலி' என்னும் இச்சொல்லை அன்பர்கள் நினைவிற் கொள்ள வேண்டுகிறேன். இக்கட்டுரையின் இறுதிவரை அது நம்முடன் வரும்.

புறநானூற்றிலும் ஓர் அழகிய குறிப்பு உண்டு. இல்வாழ்வைத் துறந்த ஒருவர் அருவியில் நாள்தோறும் நீராடுகிறார். அதனால் அவருடைய சடை கருமை இழந்து நிறம் மாறிப்போகிறது. அந்நிறத்திற்குப் புலவர் கூறும் உவமை தில்லை. தில்லை மரத்தின் இலை முதிர்ந்து உதிரும் முன்னர் மஞ்சளாகவும் செம்மையாகவும் நிறம் மாறும். பச்சைக் காட்டின் நடுவே அங்கங்கே தீப்பற்றியது போன்ற அத்தோற்றத்தை இன்றும் பிச்சாவரத்திற் காணலாம். அந்நிற மாற்றத்தைக் கூர்ந்து நோக்கியவரே அவ்வுவமையைச் சொல்லியிருத்தல் கூடும்.

இந்நூல்கள் ஏட்டுச்சுவடிகளில் மறைந்து கிடந்தவை. உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை 1889இலும், புறநானூற்றை 1894இலும், ஐங்குறுநூற்றை 1903இலும் அச்சேற்றினார். பின்னத்தூர் நாராயணசாமி ஐயரின் உரையுடன் நற்றிணை 1915இல் வெளிவந்தது. ஒரு மரம் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னர் எந்நிலத்தில் நின்றது, அதன் நிழலில் எவ்விலங்கு உறங்கியது என்பதை இன்று நாம் அறிகிறோம் என்றால், அது இப்பெரியோர் செய்த தொண்டின் பயனாகும்.

கண்ணைக் கெடுக்கும் பால்

பிச்சாவரத்தில் படகோட்டி ஒருவர் எங்களைக் கால்வாய்களின் வழியே அழைத்துச் சென்றார். இருபுறமும் சுரபுன்னை மரங்கள் வளைந்த கால்களைப் போன்ற வேர்களை நீரில் ஊன்றி நின்றன. சற்று மேடான கரையோரத்தில் வேறொரு மரம் தென்பட்டது. அதற்கு ஊன்றிய வேர்கள் இல்லை. தரையின்மீதே பாம்புகள் பின்னிக் கிடப்பதுபோல வேர்கள் படர்ந்திருந்தன. இலைகள் பளபளப்பாக இருந்தன. மகள் படகிலிருந்து கையை நீட்டி ஒரு கிளையைப் பற்றப் போனாள். "பாப்பா, அதுல கை வைக்காதே! பால் கண்ணுல பட்டா பார்வை போயிடும். அதுதான் தில்லை" என்று படகோட்டி பதறினார். தெய்வத் திருப்பெயர் தாங்கிய மரத்தை நாங்கள் முதன்முதற் கண்டது இவ்வாறுதான்.

அவர் கூறியது மிகையன்று. தில்லையின் பட்டையிலோ இலையிலோ காயம் பட்டால் வெண்ணிறப் பால் வடியும். அது தோலிற் பட்டால் எரிச்சலும் கொப்புளமும் உண்டாகும். கண்ணிற் பட்டால் பார்வை சில காலம் கெடும்; கொடிய நிலையில் முற்றிலும் போதலும் கூடும். ஆமணக்கும் மரவள்ளியும் கள்ளியும் எக்குடும்பத்தைச் சேர்ந்தனவோ அக்குடும்பத்தையே தில்லையும் சேர்ந்தது. ஆமணக்கைப் போலவே இதன் காயும் மூன்று பிளவாக அமைந்திருக்கும். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண் மரத்தின் பூக்கள் மஞ்சள் நிறத்துடன் சரம் சரமாகத் தொங்கும். பால் நஞ்சாயினும் பூவின் தேன் நல்ல தேனே. தேனீக்கள் அதனை நாடி வரும்.

இம்மரத்திற்கு மலையாள நாட்டார் இட்ட பெயர் கண்ணாம்பொட்டி. ஆங்கிலத்திலும் கண்ணைக் குருடாக்கும் மரம் என்றே பெயர். பதினேழாம் நூற்றாண்டில் கிழக்கிந்தியத் தீவுகளில் ஒன்றாகிய அம்போனாவில் ரம்பியஸ் என்னும் அறிஞர் ஒல்லாந்துக் கம்பெனியில் ஊழியம் செய்துகொண்டே அத்தீவின் தாவரங்களை ஆராய்ந்து பெருநூல் ஒன்று எழுதினார். அந்நூலில் அவர் இம்மரத்தைக் குருடாக்கும் மரம் என்னும் பொருள்பட இலத்தீனில் குறித்தார். விதியின் விளையாட்டைப் பாருங்கள்: மரத்தின் பாலால் அன்று, நோயினால் அவரே 1670இல் இரு கண்களின் ஒளியையும் இழந்தார், அதன் பின்னரும் பிறர் துணைகொண்டு நூலை எழுதி முடித்தார். சுவீடன் நாட்டுத் தாவர அறிஞர் லின்னேயஸ் 1759இல் இம்மரத்திற்கு எக்ஸ்கோக்கேரியா அகல்லோச்சா என்று பெயரிட்டார். முதற்சொல் குருடாக்குதலைக் குறிக்கும். இரண்டாவது சொல் நம் அகில் மரத்தின் பழைய கிரேக்கப் பெயரிலிருந்து வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி தில்லை என்னும் சொல்லுக்கு இந்த அறிவியற் பெயரையே தந்து, சிதம்பரத்தையும் உடன் குறிக்கின்றது.

நம் முன்னோர் இம்மரத்தின் கொடுமையை அறியாமற் போற்றினார் அல்லர். நஞ்சு என்று தெரிந்தே அதனைத் தலமரமாகக் கொண்டனர். ஆலகாலத்தைக் கண்டத்தில் அடக்கிய பெருமானுக்கு நஞ்சுடைய மரத்தின் வனம் உறைவிடமாயிற்று என்பதும் பொருத்தமே. அதற்குப் புறம்பாக ஒரு பயனும் விளைந்தது. தெய்வத்தின் மரம் என்ற பத்தியும், தொட்டால் கண்போகும் என்ற அச்சமும் சேர்ந்து கோடரியைச் சில காலமேனும் தடுத்திருத்தல் இயல்பு.

ஊரை விட்டு மரம் நீங்கியது

தில்லை உவர்நீர் ஏறி இறங்கும் கழிகளின் ஓரத்தில் வளரும் மரம். கடலலை நேரே மோதும் இடம் அதற்கு உரியதன்று. முழுமையும் நன்னீர் பாயும் வயலும் உரியதன்று. கழிமுகக் காட்டில் கடலை நோக்கிய பக்கத்தில் பிற மரங்கள் நிற்க, நிலத்தை நோக்கிய மேட்டு விளிம்பில் தில்லை நிற்கும். இன்று சிதம்பரத்திற்கும் கடலுக்கும் இடையே பத்துக் கிலோமீட்டருக்கு மேல் வயலும் ஊரும் கிடக்கின்றன. அவ்வாறாயின், ஊர் முழுதும் தில்லைவனமாய் இருந்த காலத்தில் கழிகள் அவ்வூரை அடுத்து வந்திருத்தல் வேண்டும் என்று கொள்ளலாம். காவிரியும் கொள்ளிடமும் வெள்ளாறும் ஆண்டுதோறும் கொணரும் வண்டல் கழிகளைத் தூர்த்து நிலமாக்கும் இயல்புடையது. இவ்வட்டாரத்தில் இக்காலக் கடற்கரைக்கு உள்ளே தள்ளிக் காணப்படும் பழைய மணல்மேடுகள், கடல் பின்வாங்கிய கதையைச் சொல்லுகின்றன.

ஆறு வண்டலைப் பரப்பியது. மனிதன் வரப்புக் கட்டி நெல் விதைத்தான். கோயில் வளர வளர ஊர் வளர்ந்தது. சோழர் காலத்தில் பொன்வேய்ந்த சபை, பின்னர் நூற்றுக்கால் மண்டபம், ஆயிரக்கால் மண்டபம், கோபுரங்கள், நான்கு தேரோடும் வீதிகள் என விரிந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் காடவர் கோமான் கோப்பெருஞ்சிங்கன் கட்டியது என்று கூறப்படும் தில்லைக்காளி கோயில் ஊரின் வட எல்லையில் இன்றும் நிற்கின்றது. காளியின் பெயரில் தில்லை உண்டு. காளியைச் சூழ்ந்திருந்த காடு இல்லை. யாரும் ஒரே நாளில் காட்டை அழித்துவிடவில்லை. ஒவ்வொரு தலைமுறையும் தனக்கு வேண்டிய அளவு வெட்டியது; வனம் கிழக்கே கிழக்கே நகர்ந்து, கடைசியிற் பிச்சாவரத்தின் கழிகளில் ஒதுங்கியது.

ஆயினும் கோயில்களுக்கும் அக்கடற்கரைக்கும் உள்ள உறவு முற்றிலும் அறுந்துவிடவில்லை. மாசிமகத்தன்று ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராகப் பெருமாள் பிச்சாவரத்தை அடுத்த கிள்ளைக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி கண்டருளுகிறார். அங்குள்ள முஸ்லிம் பெருமக்கள் பெருமாளை வரவேற்று மரியாதை செய்வது வழிவழி வந்த வழக்கம். கடலும் கழியும் எல்லாச் சமயத்தார்க்கும் பொது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

கழிமுகக் காட்டின் தொழில்

வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் கடலிற் புகும் இடங்களுக்கு நடுவே பிச்சாவரக் காடு அமைந்துள்ளது. அதன் பரப்பு ஏறத்தாழ 1,100 எக்டேர். எம். ஜி. ஆர். நடித்து 1975இல் வெளிவந்த 'இதயக்கனி' படத்தில் இக்காட்டின் கால்வாய்களைக் கண்ட நினைவு நம்மிற் பலருக்கு இருக்கும். இத்தகைய காட்டை முத்துப்பேட்டைப் பக்கத்தார் அலையாத்திக் காடு என்பர். அலையை ஆற்றும் காடு என்று அதற்குப் பொருள் கூறுவாரும் உளர்.

உப்புநீரில் மரம் எவ்வாறு உயிர் வாழும் என்று வியப்புத் தோன்றலாம். ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு வழி கண்டுள்ளது. இக்காட்டில் மிகுதியாக உள்ள வெண்கண்டல், உறிஞ்சிய உப்பை இலையின் வழியே வெளியேற்றும். அவ்விலையை நாவில் வைத்தால் கரிக்கும். மூச்சுவிடுவதற்காக அதன் வேர்கள் சேற்றிலிருந்து எழுதுகோல்களைப்போல் மேல்நோக்கி நிற்கும். சுரபுன்னையின் விதை தாய்மரத்திலேயே முளைத்து, நீண்ட முளையாகத் தொங்கிப் பின் விழும். தில்லையோ உப்பை வேரிலேயே பெரும்பாலும் தடுத்துக்கொள்ளும். அதன் விதை நீரில் மிதந்து சென்று மேடான கரையில் ஒதுங்கி முளைக்கும். இவ்வாறு ஒவ்வோர் இனமும் தனக்குரிய வரிசையில் நிற்பதால், கடலிலிருந்து நிலம் வரை அடுக்கடுக்கான வேலி அமைகின்றது. தில்லை அவ்வேலியின் கடைசி வரிசை; ஊரை ஒட்டிய வரிசை. அம்மூவனார் கண்ட சிற்றூருக்குத் தில்லை வேலியாய் இருந்தது வெறுங் கற்பனையன்று. அம்மரம் இயல்பாக நிற்கும் இடமே அதுதான்.

இம்மரங்களின் வேர்கள் வண்டலைப் பிடித்து நிறுத்துகின்றன. உதிர்ந்த இலைகள் சேற்றில் மட்கி, கண்ணுக்குப் புலப்படாத உயிர்களுக்கு உணவாகின்றன. அவ்வுயிர்களை நண்டும் இறாலும் மீன்குஞ்சும் உண்கின்றன. கடலிற் பிறந்த இறாற்குஞ்சு அலையோடு கழிக்குள் வந்து, இவ்வேர்களின் இடையே பாதுகாப்பாக வளர்ந்து, மீண்டும் கடலுக்குச் செல்லும். ஆகவே கடலிற் செல்லும் மீனவரின் வலையில் விழும் இறாலுக்கும் இக்காடே தொட்டில். கிள்ளை, பிச்சாவரம் பகுதிகளில் வாழும் இருளர் குடிமக்கள் வலையுமின்றிப் படகுமின்றிச் சேற்றுநீரில் அமர்ந்து கையால் துழாவி இறால் பிடிப்பர். அவர்களுக்கு இக்காடே வயல், இக்காடே களஞ்சியம்.

தில்லை தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இந்தியாவின் இரு கரைகளிலும், இலங்கையிலும், கீழ்த்திசைத் தீவுகளிலும், ஆஸ்திரேலியாவின் வடகரையிலும் உண்டு. வங்கத்துச் சுந்தரவனத்தில் அது பெருமரம். அங்கே கேவா என்பது அதன் பெயர். மென்மையான மரமாதலின் தீப்பெட்டிக் குச்சிக்கும், 1959இல் குல்னாவில் தொடங்கிய காகித ஆலையில் செய்தித்தாளுக்கான காகிதம் செய்வதற்கும் பயன்பட்டது. நம் நாட்டில் திருப்பெயர் தாங்கிய மரம், அங்கே நாளேடாகி நாளொரு செய்தி தாங்கியது.

வெட்டியதும் மீட்டதும்

காடு தானே தளிர்க்கும் என்று எண்ணி மனிதன் செய்த பிழை ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். ஆங்கிலேயர் ஆட்சியில் பிச்சாவரக் காடு அரசுக் காடாயிற்று. பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியிலுள்ள மரங்களை முற்றும் வெட்டி விறகாக விற்று, அது மீண்டும் வளரச் சில பல ஆண்டுகள் விட்டு வைக்கும் முறையைக் கையாண்டனர். மலைக்காட்டிற்கு ஏற்ற அம்முறை சேற்றுக்காட்டிற்கு ஏற்கவில்லை. மரநிழல் போனவுடன் வெயில் நேரே சேற்றைத் தாக்கியது. ஈரம் வற்றி மண் அமிழ்ந்து, நிலம் தாம்பாளம்போற் குழிந்தது. ஏற்றத்தில் உட்புகுந்த கடல்நீர் வற்றத்தில் வெளியேற இயலாது தேங்கியது. வெயிலில் ஆவியாகி உப்பு மட்டும் தங்கியது. ஆண்டுக்கு ஆண்டு உப்பு மிகவே, விழுந்த விதை எதுவும் முளைக்கவில்லை. 1970களில் வெட்டுதல் நின்ற பின்னரும் அவ்விடங்கள் மொட்டையாகவே கிடந்தன.

ஆடுமாடு மேய்வதாலும், ஏழைகள் விறகு பொறுக்குவதாலுமே காடு அழிகிறது என்று அதுகாறும் பலர் எண்ணியிருந்தனர். 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் நிலத்தின் மட்டத்தையும் உப்பின் அளவையும் அளந்து, குழிந்த நிலமும் தேங்கிய நீருமே முதற்காரணம் என்று கண்டனர். நோயறிந்த பின் மருந்து எளிதாயிற்று. வனத்துறையினரும் ஊர்மக்களும் சேர்ந்து, மீன்முள் போன்ற அமைப்பில் ஒரு பெருங்கால்வாயும் அதனின்று பிரியும் கிளைக்கால்வாய்களும் வெட்டினர். ஏற்றவற்ற நீர் நாள்தோறும் வந்து கழுவிச் சென்றது; உப்புக் குறைந்தது; நட்ட கன்றுகள் வேரூன்றின. பழிக்கப்பட்ட அவ்வேழை மக்களே மண்வெட்டியேந்திக் காட்டை மீட்டனர் என்பதை வரலாறு மறத்தல் கூடாது. 2022இல் பிச்சாவரம் உலகச் சிறப்புடைய ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

2004 டிசம்பர் 26

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையை மறந்தவர் நம்மில் எவருமிலர். ஆழிப்பேரலை தமிழ்நாட்டுக் கரையைத் தாக்கியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்திற்கு மேற்பட்டோர் மாண்டனர். கடலூர்க் கரையும் கலங்கியது. பிச்சாவரத்தின் கீழ்ப்புறத்தில், கடலுக்கும் கழிக்கும் நடுவே மணல்திட்டில் அமைந்திருந்த மீனவர் குப்பங்களை அலை அழித்தது. காட்டின் பின்னே அமைந்திருந்த ஊர்களிலோ சேதம் மிகக் குறைவாயிருந்தது. கால்வாய்களின் வழியே நீர் பரவி வேகம் அடங்கியது என்று அவ்வூரார் கூறினர்.

பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு நிலையம் உள்ளது. அதனைச் சேர்ந்த அறிஞர் கதிரேசனும் பிறரும் பதினெட்டுக் குப்பங்களை ஆராய்ந்து, மரங்கள் உள்ள இடத்தில் உயிர்ச்சேதம் குறைந்ததை 2005இல் எடுத்துக்காட்டினர். அவ்வாண்டே வேறு ஆய்வாளரும் கடலூர்க் கரையைப் பற்றி இதையொத்த முடிவை வெளியிட்டனர். எனினும் உண்மையை முழுமையாகக் கூறுதல் முறை. கடலிலிருந்து ஊர் இருந்த தொலைவும் நிலத்தின் உயரமுமே பெருங்காரணம். மரங்களுக்கு அத்துணைப் பெருமை தருதல் பொருந்தாது என்று மறுத்த அறிஞரும் உண்டு. இரு தரப்பையும் நோக்கின் நமக்கு விளங்குவது இதுவே: வேலி என்பது கோட்டையன்று. எத்தகைய பேரலையையும் அது நிறுத்திவிடும் என்று நம்பிக் கடலோரத்தில் வீடு கட்டுதல் அறியாமை. ஆனால் ஆண்டுதோறும் வரும் புயலையும் நாள்தோறும் கரையை அரிக்கும் அலையையும் தணிக்க இதனினும் மலிவான வேலியை மனிதன் இதுவரை கட்டவில்லை. அவ்வேலி நின்ற இடத்தில் ஊர் தானாகவே கடலிலிருந்து விலகி நிற்கிறது. அதுவும் ஒரு காப்பன்றோ?

நாம் குடிக்கும் நீர்

இவையெல்லாம் கடற்கரையாரின் செய்தி. மூவாயிரம் அடி உயரத்தில் மர்பி டவுனில் வாழும் நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணலாம். தொடர்பு நம் வீட்டுக் குழாயிலேயே உள்ளது. 1974 முதல் பெங்களூர் மக்கள் காவிரி நீரைப் பருகி வருகிறோம். அதே காவிரி மேட்டூரைக் கடந்து, முக்கொம்பில் கொள்ளிடமாகப் பிரிந்து, கீழணையைத் தாண்டிப் பிச்சாவரத்தின் தென்புறத்தில் கடலை அடைகின்றது. வயல்களில் வடிந்த நீரும் கான் சாகிப் வாய்க்கால் முதலியவற்றின் வழியே இக்காட்டில் வந்து சேர்கின்றது. உவர்நீர் மட்டும் இருந்தால் இக்காடு தழைக்காது. ஆண்டில் சில மாதங்களேனும் ஆற்றுநீர் வந்து உப்பைத் தணித்தால்தான் விதை முளைக்கும், இறாற்குஞ்சு வளரும். ஆற்றுநீர் குறையக் குறைய, உப்பைப் பெரிதும் தாங்கும் வெண்கண்டல் ஒன்றே பெருகுகிறது. நன்னீர் மிகுதியாக வேண்டும் இனங்கள் சில அங்கே அற்றுப்போயின. தில்லையும் இன்று அக்காட்டில் சிறுபான்மையே.

'ஆற்றுநீர் கடலில் வீணாகக் கலக்கிறது' என்று நாம் அடிக்கடி கூறுகிறோம், படித்தவரும் கூறுகின்றனர். கடலில் கலக்கும் நீர் அனைத்தும் வீண் என்றால், பிச்சாவரமும் வீண்; அதிற் பிறக்கும் மீனும் வீண்; அதை நம்பிய குடிகளும் வீண் என்றாகும். காவிரி வழக்கில் 2007இல் இறுதித் தீர்ப்பளித்த நடுவர் மன்றம், மாநிலங்களுக்குப் பங்கிட்டதோடு நில்லாது, சுற்றுச்சூழல் காப்புக்கென 10 டி.எம்.சி. அடியும், தவிர்க்க இயலாது கடலிற் சேரும் நீருக்கென 4 டி.எம்.சி. அடியும் தனியே ஒதுக்கியது. 2018இல் உச்ச நீதிமன்றம் பெங்களூரின் குடிநீருக்கென 4.75 டி.எம்.சி. அடி கூட்டித் தந்தது. எவருக்கு எவ்வளவு என்னும் வழக்கு பெரியோர்க்கு உரியது. அதனுள் நாம் புகவேண்டா. கர்நாடகத்தின் உப்பை உண்டு, தமிழ்நாட்டின் பெயரைத் தாங்கி வாழும் நாம் செய்யத்தக்கது ஒன்று உண்டு. குழாயைத் திறக்கும்போது, இந்நீருக்கு நம்மைத் தவிர வேறு உரிமையாளரும் உளர் என்று எண்ணுதல். நம் பிள்ளைகளுக்கும் அவ்வாறே சொல்லிக் கொடுத்தல். அவ்வுரிமையாளருள் பேசாத உரிமையாளர் தில்லை.

முடிவுரை

பெயர் மட்டும் இருந்தால் மரம் இருந்துவிடாது. தில்லை என்னும் பெயரைக் கோடிக்கணக்கானோர் நாள்தோறும் நாவினால் உச்சரித்தும், ஊரிலிருந்த வனம் ஊரிலிருந்து போயிற்று. எவரும் பெயர் சொல்லிப் போற்றாத சேற்றுக்கரையில், ஆறும் கடலும் கலக்கும் இடத்தில் அது இன்றும் உயிரோடு நிற்கின்றது. அதனைக் காத்தது நீரின் கலப்பு. இனிக் காக்க வேண்டியதும் அக்கலப்பையே.

ஊரிலிருந்து பெயர்ந்து இங்கு வந்த நாமும் ஒருவகையில் கழிக்கரை மரங்களைப் போன்றவர்களே. இரு மொழிகளின் நடுவே, இரு நாட்டு வழக்கங்களின் நடுவே வேரூன்றி நிற்கிறோம். இரண்டு நீரும் கலந்த இடத்தில்தான் அம்மரம் தழைக்கிறது என்பதைக் காணும்போது எனக்கு ஆறுதலும் துணிவும் உண்டாகின்றன.

அடுத்த முறை சிதம்பரம் செல்லும் அன்பர்கள் மயிலாடுதுறை வழியாகப் புகைவண்டியிற் சென்று, தரிசனம் முடிந்தபின் ஒரு பகற்பொழுது பிச்சாவரத்திற்கும் ஒதுக்குவீர்களாக. பிள்ளைகளை உடன் அழைத்துச் சென்று தில்லை மரத்தைக் காட்டுங்கள். தொட வேண்டா, கண்டால் போதும். "அந்த மரம் எங்கே அப்பா?" என்று உங்கள் குழந்தை கேட்டால், என்னைப்போல் நீங்கள் விடையின்றி நிற்க வேண்டியதில்லை.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!